ஊர் சுற்றப் போன வெள்ளித் தாள்

கூரைக்கென்று வாங்கிய வெள்ளித் தாள், கூரையில் ஏறும் முன்பே ஊர் சுற்றப் போய்விட்டது.

அதற்குக் காரணம் லவீனாவின் அப்பா செல்வரட்ணம். கடலில் எந்தக் காற்றுக்கும் படகைத் திருப்பத் தெரிந்தவர். ஆனால் யாராவது வாசலில் வந்து நின்று ஒன்றைக் கேட்டால், "இல்லை" என்று சொல்ல மட்டும் அவருக்கு வாய் வராது.

குருநகரில் அவர்களுடைய வீட்டுக் கூரை மிகவும் பழையது. மாரி மழையில் வீட்டுக்குள்ளும் குடை பிடிக்க வேண்டும். இந்த வருடம் எப்படியும் புது ஓடு போடுவது என்று அப்பா முடிவெடுத்தார். லொறியில் ஓடு வந்தது. ஓட்டைத் தாங்குகிற மெல்லிய மரச் சிலாகைகள் வந்தன. கூடவே, பாய் போலச் சுருட்டிய பெரிய வெள்ளித் தாள் ஒன்றும் வந்தது. ஓடு போடுகிற கிருஷாந் சொல்லி வாங்கியது அது. இரண்டு பக்கமும் மின்னியது. இழுத்தாலும் கிழியவில்லை.

"இதை எங்கையப்பா போடுறது?" என்று லவீனா கேட்டாள். அவளுக்குப் பதினொரு வயது.

"ஓட்டுக்குக் கீழை."

"அப்ப வெளியிலை தெரியாதே?"

"அதைத்தான் நானும் கேக்கிறன் பிள்ளை! ஒருத்தரும் பாக்காத இடத்துக்கு ஏன் இந்த மினுக்கம்? ஓடு போட்டால் போதாதே?"

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு மக்டலீன் மாமி படலையைத் திறந்துகொண்டு வந்தார். கருவாடு போட்டு விற்பவர்.

"செல்வம், உதிலை ஒரு துண்டு தாவன். கருவாட்டுக்குக் கீழை விரிச்சால் அடியிலையும் வெயில் அடிக்கும்."

"எடுங்கோ அக்கா," என்றார் அப்பா.

பின்னேரம் சந்தியோகு மாமா வந்தார். கோவில் திருநாளுக்குப் போடும் நாட்டுக்கூத்தில் அவர்தான் ராசா.

"தம்பி, ராசாவுக்குக் கவசம் வேணும். போன முறை மட்டையிலை செய்து, வேர்வையிலை ஊறி விழுந்து போச்சு."

"எடுங்கோ அண்ணை," என்றார் அப்பா.

லவீனாவின் தம்பி றமேஸ் பெரிய பட்டம் கட்ட ஒரு துண்டு கேட்டான். கிடைத்தது. கடைசியில் அப்பாவே ஒரு துண்டை வெட்டித் தன் மீன் பெட்டிக்குள் ஒட்டினார். ஐஸ் கரையாதாம்.

அடுத்த நாள் கிருஷாந் வந்து பழைய ஓடுகளை எல்லாம் இறக்கினான். வீட்டுக்குள் நின்று பார்த்தால் வானம் தெரிந்தது. ஒரு காகம் முகட்டு மரத்தில் குந்தி, அம்மா என்ன சமைக்கிறார் என்று எட்டிப் பார்த்தது.

"செல்வரட்ணம் அண்ணை, தாள் எங்கை?"

அப்பா சுருளைக் கொண்டுவந்தார். கிருஷாந் அதை விரித்து, கையால் அளந்து பார்த்தான்.

"உதென்ன அண்ணை, எலி கடிச்சதோ? இது முக்கால் கூரைக்குத்தான் காணும்."

"மிச்சத்துக்கு ஓட்டை மட்டும் போடன்."

"தாள் இல்லாமல் நான் ஓடு போடமாட்டன். பிறகு ஒழுகினால், கிருஷாந் போட்ட கூரை எண்டுதான் ஊர் கதைக்கும்."

"கடையிலை வேற வேண்டலாமே?"

"கடையிலையும் முடிஞ்சுது. வாற கிழமைதான் வருமாம். இப்ப தாள் உள்ள பக்கத்தை முடிச்சுத் தாறன். மிச்சத்துக்குத் தாள் கிடைச்சால் எனக்கு ஃபோனிலை கோல் எடுங்கோ."

மத்தியானம்வரை வேலை செய்துவிட்டு, கிருஷாந் வேறு வேலைக்குப் போய்விட்டான். கூரையின் ஒரு மூலை மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தது.

அந்த மூலைக்கு நேர் கீழேதான் அம்மாவின் தையல் மெசின் நின்றது.

அம்மாவின் பெயர் அற்புதராணி. ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்து அரசர் திருநாள். அன்றைக்குக் கோவிலில் முதல் நன்மை, அதாவது முதல்முறை நற்கருணை, எடுக்கும் பிள்ளைகளுக்கு அம்மாதான் சட்டை தைத்தார். ஒன்பது வெள்ளைச் சட்டைகள் மெசினுக்கு மேலே கொடியில் தொங்கின. வீட்டில் இருந்த ஒரே தறப்பாள் அவற்றை மூடியிருந்தது. அதிலும் ஓட்டை.

"இஞ்சாருங்கோ, வடக்கை கறுத்துக்கொண்டு வருது," என்றார் அம்மா. "ஒரு சட்டையிலை ஊத்தைத் தண்ணி பட்டாலும் அந்தப் பிள்ளை எப்பிடிக் கோவிலுக்குப் போறது?"

"மற்றப் பக்கத்திலை சாமான் அடைஞ்சு கிடக்கு. சட்டையளை வேற வீட்டிலை வைப்பம்."

"எங்கை? மக்டலீன் அக்கா வீட்டிலை வைச்சால் கருவாடு மணக்கும். சந்தியோகு அண்ணை வீட்டிலை வைச்சால் ஆடு தின்னும்."

"அப்ப கிருஷாந் வேண்டாம். நானே ஓட்டைப் போடுறன். ஓட்டுக்கு மேலை மழை. ஓட்டுக்குக் கீழை நாங்கள். நடுவிலை தாளுக்கு என்ன வேலை?"

அம்மாவுக்குப் பதில் தெரியவில்லை. லவீனாவுக்கும் தெரியவில்லை. ஆனால் அவள் சும்மா இருக்கவில்லை.

"செய்து பாப்பம் அப்பா," என்றாள்.

வீட்டுக்குப் பின்னால் பெரிய கோழிக்கூடு இருந்தது. சரிவான கூரை, மேலே பழைய தகரம். லவீனாவும் றமேஸும் தகரத்தை இழுத்துப் போட்டார்கள். சிலாகைகளைக் குறுக்கே அடுக்கி, புது ஓடுகளை வீட்டுக் கூரையில் உள்ளதுபோலவே கொளுவினார்கள்.

"உள்ளுக்கு ஆர் இருக்கிறது?" என்று றமேஸ் கேட்டான்.

"நான் இருக்கிறன்," என்றார் அப்பா. கோவிலில் கூட்டத்துக்குப் போக வெள்ளை வேட்டியும் சேட்டும் போட்டிருந்தார். "ஒரு துளி விழுந்தாலும் நீங்கள் சொல்லுறதை நான் கேக்கிறன். விழாட்டில் எல்லாரும் வாயை மூடோணும்."

குனிந்து, முழங்காலை மடித்து, ஒரு மாதிரி உள்ளே போய்க் குந்தினார். கோழிகள் எல்லாம் கத்திக்கொண்டு வெளியே ஓடின. பெரிய சாவல் மட்டும் நகர மறுத்துவிட்டது. தன் வீட்டைப் பறிப்பதை எதிர்ப்பதுபோல அது அவருக்குப் பக்கத்திலேயே நின்றது.

றமேஸ் வாங்குப் பலகையில் ஏறி ஒரு வாளி தண்ணீரை ஓட்டின் மேல் ஊற்றினான். தண்ணீர் வழுக்கிக்கொண்டு ஓடியது. உள்ளே ஒரு துளியும் இல்லை.

"பாத்தியளோ!" என்று கூட்டுக்குள் இருந்து குரல் வந்தது. சாவலும் கூவியது.

லவீனா யோசித்தாள்.

"அப்பா, எங்கடை வீட்டிலை மழை எப்பவாவது நேராய்ப் பெய்ததோ? வாடைக் காத்து அதைச் சரிச்சுக்கொண்டுவந்தெல்லோ அடிக்கும்?"

"அடிக்கட்டும்! ஓடு பயப்படாது!"

அவள் தண்ணீர்க் குழாயை இழுத்து வந்தாள். அதன் வாயைப் பெருவிரலால் நெரித்து, கீழிருந்து சரிவாகப் பீச்சினாள். தண்ணீர் ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே உள்ள இடுக்குகளைத் தேடித் தேடி நுழைந்தது.

லவீனா குழாயைப் பிடித்தபடியே கூப்பிட்டாள்.

"அப்பா?"

"நிப்பாட்டு! நிப்பாட்டடி! தண்ணி காதுக்குள்ளை போட்டுது!"

சாவல் அப்பாவின் தலையில் ஏறி, தோளில் மிதித்து, வெளியே பாய்ந்தது.

அம்மா சிரிப்பை அடக்க வாயைப் பொத்தினார். முடியவில்லை.

"பொறுங்கோ, வெளியாலை வரவேண்டாம்," என்றாள் லவீனா. "இனித் தாளை வைச்சுப் பாப்பம்."

தாள் எங்கே? றமேஸின் பட்டம்தான் கையில் இருந்தது. அவன் அதை நெஞ்சோடு கட்டிப்பிடித்தான்.

லவீனா பறிக்கவில்லை. "கிழிக்கமாட்டன். ஓட்டுக்குக் கீழை வைச்சுப் பாக்க மட்டும் தா," என்றாள்.

றமேஸ் யோசித்தான். "அப்பா உள்ளுக்கு இருப்பாரோ?"

"இருப்பார்."

"திருப்பித் தண்ணி அடிப்பியோ?"

"அடிப்பன்."

"அப்ப சரி," என்று பட்டத்தைக் கொடுத்தான்.

ஓடுகளைத் தூக்கி, பட்டத்தைச் சிலாகைகளுக்குக் கீழே விரித்து, மறுபடி ஓடுகளைக் கொளுவினார்கள். லவீனா குழாயைத் திருப்பினாள். முன்பு போலவே தண்ணீர் இடுக்குகளால் நுழைந்தது. ஆனால் இப்போது அது வெள்ளித் தாளில் விழுந்தது. அங்கே நிற்க இடமில்லாமல் சறுக்கிக்கொண்டு போய், கூட்டுக்கு வெளியே விளிம்பில் சொட்டியது.

"அப்பா, நனையுதோ?"

அவள் குனிந்து இடுக்கால் எட்டிப் பார்த்தாள்.

"அப்பா! நனையுதோ?"

"இல்லை," என்றது மெல்லிய குரல் ஒன்று.

அப்பா வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததை அந்த வீடு அன்றைக்குத்தான் கேட்டது.

வெளியே வந்தபோது அப்பாவின் தலையில் ஒரு சிறகு ஒட்டியிருந்தது. வேட்டி பற்றிச் சொல்லாமல் இருப்பது நல்லது.

"ஓட்டைத் தாண்டி வாற தண்ணியைத் தாள் பிடிச்சு வெளியிலை விடுது," என்றாள் லவீனா. "அதுதான் அதின்ரை வேலை."

"விளங்குது, விளங்குது. காதுக்குள்ளை இன்னும் இரையுது."

"அப்ப போய்க் குடுத்த தாளை வேண்டிக்கொண்டு வாங்கோ," என்றார் அம்மா.

"குடுத்ததை எப்பிடி அற்புதம் திருப்பிக் கேக்கிறது? நான் முகத்தை எங்கை கொண்டுபோய் வைக்கிறது?"

"கோழிக்கூட்டுக்குள்ளை வையுங்கோ."

"நான் போறன்," என்றாள் லவீனா.

அவள் வெறுங்கையோடு போகவில்லை. போகும் வழியிலேயே ஒன்றை நினைத்தாள். அவர்கள் ஒருவரும் தாளைத் திருடவில்லை. கேட்டார்கள், அப்பா கொடுத்தார். அதைப் பறித்தால் அவர்களுடைய வேலை கெட்டுப்போகும். அதனால் திரும்பி வந்து, அம்மா மிளகாய்த் தூள் போடச் சேர்த்து வைத்திருந்த வெறும் பால்மாப் பைக்கற்றுகளை அள்ளிக்கொண்டு போனாள். றமேஸும் பின்னால் ஓடினான்.

கோவில் வளவில் கூத்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். சந்தியோகு மாமா வெள்ளிக் கவசத்தோடு நடுவில் நின்றார்.

"ஆரங்கே! எம் கோட்டை வாசலில் நிற்பது ஆர்?" என்று முழங்கினார்.

"லவீனா, மாமா."

"ஓ, நீயோ பிள்ளை? என்ன விசயம்?"

"மாமா, நீங்கள் போட்டிருக்கிறது எங்கடை கூரை."

மாமா குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தார். லவீனா மழை, மூலை, ஒன்பது சட்டை எல்லாவற்றையும் சொன்னாள்.

"அதுக்கு நடுச் சபையிலை ராசாவை உரியச் சொல்லுறியோ?"

"உரிய வேண்டாம். மாத்திப் போடுங்கோ." ஒரு பால்மாப் பைக்கற்றை வெட்டி, உள்பக்கத்தை வெளியே திருப்பிக் காட்டினாள். பளிச்சென்று வெள்ளி மின்னியது.

ராசாவின் கண்ணும் மின்னியது.

படைவீரர்கள் வீட்டுக்கு வீடு ஓடி இன்னும் பைக்கற்றுகள் கொண்டுவந்தார்கள். லவீனா அவற்றைக் கோத்துத் தைத்தாள். மாமா போட்டுக்கொண்டு ஒரு சுற்று நடந்தார். சரக், சரக் என்று சத்தம் கேட்டது.

"இரும்புக் கவசம் மாதிரியே சத்தமும் வருது!" என்று அவர் துள்ளினார். "பழையதைக் கொண்டு போ பிள்ளை!"

முதுகுப் பக்கத்தில் ஒரு பைக்கற்றை றமேஸ் படம் உள்ள பக்கம் வெளியே வர மாறிக் கொடுத்துவிட்டான். அங்கிருந்து ஒரு பசுமாடு பல்லைக் காட்டிச் சிரித்தது. ராசாவிடம் அதைச் சொல்ல ஒரு படைவீரனுக்கும் துணிவு வரவில்லை.

மக்டலீன் மாமி அவ்வளவு சுலபம் இல்லை.

"குடுத்தது குடுத்ததுதான்," என்றார். வெள்ளித் தாளில் சாளை மீன்கள் நெருக்கமாகக் காய்ந்துகொண்டிருந்தன. "நான் விடிய எழும்பி வெட்டி உப்புப் போட்டது. காயாட்டில் புழுத்துப் போகும். உங்கடை கூரைக்கு நான் என்ன செய்ய?"

அவர் சொன்னதும் நியாயம்தான். லவீனா வானத்தைப் பார்த்தாள். முகில் இன்னும் கறுத்திருந்தது.

"மாமி, இப்பிடியே விட்டால் கருவாடு எல்லாம் நனைஞ்சு போகும். உள்ளுக்கு எடுப்பம். நாங்கள் பிடிச்சுத் தாறம்."

மூவரும் மீனைப் பனையோலைக் கடகங்களில் அள்ளி, அடுப்படியில் பரணுக்கு ஏற்றினார்கள். புகை படுகிற இடம். அங்கே மழைக்கும் பயமில்லை. வேலை முடிந்து மாமி நெற்றியைத் துடைத்தபோது லவீனா சொன்னாள்:

"மாமி, உங்கடை சின்னவளின்ரை சட்டை தைச்சு முடிஞ்சுது. கழுத்திலை அம்மா பூவேலை செய்திருக்கிறா. வந்து பாருங்கோவன்."

"எங்கை தொங்குது?"

"அந்த மூலையிலைதான்."

"எந்த மூலையிலை?"

"தாள் இல்லாத மூலையிலை."

மாமி கையில் இருந்த கடகத்தைக் கீழே போட்டார். ஒரே இழுவையில் வெள்ளித் தாளை உருவி, தலையில் போட்டுக்கொண்டு ஓடத் தொடங்கினார். முகிலுக்கு நடுவே எட்டிப் பார்த்த வெயில் பட்டு அந்தத் தாள் பளீர் பளீர் என்று அடித்தது. தெரு நாய்கள் எல்லாம் குரைத்தன. லவீனாவும் றமேஸும் எவ்வளவு ஓடியும் மாமியைப் பிடிக்க முடியவில்லை.

அப்பா மீன் பெட்டியில் ஒட்டியதைத் தானே உரித்து வைத்திருந்தார். றமேஸ் ஒரு பெருமூச்சோடு பட்டத்தின் ஈர்க்குகளைக் கழற்றித் தாளைக் கொடுத்தான். அம்மா கவசத்தின் தையலை வெட்டி விரித்தார். எல்லாவற்றையும் சவர்க்காரம் போட்டு, தேசிக்காய்ப் புளியால் உரஞ்சிக் கழுவினார்கள். அப்படியும் கொஞ்சம் மணத்தது.

நல்ல காலம், அன்றிரவு மழை பெய்யவில்லை. அப்பா கோல் எடுக்க, வெள்ளிக்கிழமை காலையிலேயே கிருஷாந் வந்தான். துண்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தான்.

"இதென்ன, கை வைச்சிருக்கு?"

"அது ராசாவின்ரை," என்றான் றமேஸ்.

"இது ஏன் மீன் மணக்குது?"

"அது மாமியின்ரை."

கிருஷாந் தாளின் தையல் ஓட்டைகளுக்கு ஒட்டு நாடா போட்டுத் தந்தான். அவனும் அப்பாவும் கூரையில் ஏறினார்கள். இரண்டு துண்டு வைப்பதற்குள் கிருஷாந்துக்குக் கோல் வந்தது. அவன் ஒரு கையால் மரத்தைப் பிடித்து, மறு கையில் ஃபோனோடு கதைக்க, அப்பா தானே வேலையைத் தொடங்கினார். கீழே போடும் துண்டை விரித்தார். மேல் துண்டின் நுனியை அதற்கு அடியில் செருகினார்.

வீட்டுக்குள் நின்று அண்ணாந்து பார்த்த லவீனா கத்தினாள்.

"அப்பா! பிழை! செதிள் மாறிக் கிடக்கு!"

"என்ன செதிள்?"

"மீன் செதிள் எப்பிடிக் கிடக்கும்? தலைப் பக்கத்துச் செதிள் மற்றதுக்கு மேலை ஏறித்தானே கிடக்கும்? நீங்கள் அடியிலை செருகிறியள். மேலை இருந்து வாற தண்ணி நேரை உள்ளுக்கு வந்திடும்!"

அப்பா கையைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். வாழ்நாள் முழுக்க மீன் பிடித்த மனிதர். துண்டை உருவி, மேலே ஏற்றிப் போட்டார். கிருஷாந் ஃபோனை மூடிவிட்டு வந்து, குனிந்து பார்த்து, "சரியாய்த்தான் போட்டிருக்கிறியள் அண்ணை," என்றான்.

"எனக்குத் தெரியாதே?" என்றார் அப்பா.

கீழே லவீனாவும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தாளின் கடைசி விளிம்பை, கூரை ஓரத்தில் தண்ணீர் ஓடும் பீலிக்குள் மடித்து விட்டார்கள். அதற்கு மேல் சிலாகை, சிலாகைக்கு மேல் ஓடு. பொழுதுபடும்போது வெள்ளி எங்கேயும் தெரியவில்லை. ஆனால் அடுத்த வீட்டுப் பூனைகள் இரண்டும் அந்த மூலை ஓட்டில் ஏறி, மோந்து மோந்து சுற்றி வந்தன.

சனிக்கிழமை பின்னேரம் மழை வந்தது. வாடைக் காற்று அதைத் தூக்கிக்கொண்டு வந்து கூரையில் அறைந்தது. முற்றத்துப் பூவரசு வளைந்து வளைந்து எழும்பியது.

அம்மா கடைசிச் சட்டைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். அப்பாவும் லவீனாவும் றமேஸும் அந்த மூலையில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். கூரை தாங்கியது. ஒரு துளியும் இல்லை.

அப்போது கேட்டது.

டக்.

அம்மாவின் கால் மெசினில் அப்படியே நின்றது.

டக். டக்.

"ஐயோ, ஒழுகுது!" என்று அப்பா கத்தினார். "கிருஷாந்துக்குக் கோல் எடு! எங்கை? எங்கை விழுது?"

றமேஸ் ஓடிப்போய் ஒரு வாளியைத் தூக்கி வந்தான். எங்கே வைப்பது என்று தெரியாமல் அதோடு சுற்றினான். லவீனா கொடிக்குக் கீழே கையை நீட்டிப் பார்த்தாள். காய்ந்திருந்தது. சட்டைகளை ஒவ்வொன்றாகத் தடவினாள். மெசினில் இருந்ததையும் சேர்த்து ஒன்பதும் காய்ந்திருந்தன. சுவரும் காய்ந்திருந்தது.

டக். டக். டக்.

சத்தம் மேலிருந்து வரவில்லை. அவள் திரும்பிப் பார்த்தாள்.

பின்கதவுக்கு உள்ளே சந்தியோகு மாமா நின்றார். தலையில் கிரீடம். உடம்பில் பால்மாக் கவசம். ஒவ்வொரு பைக்கற்றிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"கூத்துப் பழகி முடிஞ்சு வாற வழியிலை மழை பிடிச்சிட்டுது. ஒதுங்கினனான்," என்றார் மெதுவாக. "நீங்கள் எல்லாரும் மேலை பாத்துக்கொண்டு நிண்டியள். செபம் சொல்லுறியள் எண்டு நினைச்சுப் பேசாமல் நிக்கிறன்."

"சந்தியோகு அண்ணை, ஒரு அடி கிட்ட வரப்படாது!" என்று அம்மா இரண்டு கையையும் விரித்துச் சட்டைகளுக்கு முன்னால் பாய்ந்தார்.

"உத்தரவு," என்றார் ராசா.

அப்பா சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். லவீனா தலை துடைக்க ஒரு துவாயை எடுத்து மாமாவிடம் கொடுத்தாள். பிறகு றமேஸிடமிருந்து வாளியை வாங்கி ராசாவின் காலடியில் வைத்தாள்.

அந்த மாரி முழுக்க அவர்கள் வீட்டுக்குள் தண்ணீர் பிடித்த வாளி அது ஒன்றுதான்.